பிள்ளையின் காலுக்கு அளவான சப்பாத்து: குறைந்த காசில் பார்த்து வாங்குவது எப்படி?

ஆண்டுத் தொடக்கத்தில் ஆரம்பப் பிரிவு வகுப்பறை ஒன்றுக்குள் வந்து பிள்ளைகளின் கால்களை மட்டும் பாருங்கள். இரண்டு வகைச் சப்பாத்துகள் தெரியும். ஒன்று, நடக்கும்போது குதி கழன்று கழன்று வரும் புதுச் சப்பாத்து. முன்பக்கத்தில் பஞ்சோ கடதாசியோ திணித்திருக்கும். மற்றது போன வருடத்தியது. குதிப்பக்கம் மிதித்து மடிக்கப்பட்டு, செருப்புப் போலாகிவிட்டிருக்கும். அளவான சப்பாத்துப் போட்ட பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். பெற்றோர் கூட்டங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளில் சப்பாத்தும் ஒன்று. கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் தலைமுறை அளவு பார்த்து வாங்கி வளர்ந்த தலைமுறை அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் கடையில் இருந்ததுதான் அளவு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது செருப்பு அறுந்தவர்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். 2009 இல் மெனிக் பாமுக்குள் இருந்தவர்களைக் கேட்டால், கொடுத்ததைப் போட்டோம் என்பார்கள். அப்படி வாழ்ந்தவர்கள் இப்போது கடைக்குப் போனால், வளருகிற பிள்ளைதானே, பெரிசாக எடுத்தால் இரண்டு வருடம் போகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பெரிய சப்பாத்து பெரும்பாலும் காசை மிச்சம் பிடித்துத் தருவதில்லை. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சின்னப் பிள்ளையின் பாதம் பெரியவரின் பாதத்தைச் சுருக்கி வைத்தது அல்ல. பிறக்கும்போது அதில் பெரும்பகுதி குருத்தெலும்புதான். அது முழுமையாக எலும்பாவதற்குப் பதின்ம வயதின் இறுதி வரை செல்லும். அதனால் பாதம் மெதுவானது, அமுக்கினால் அமுங்கிக்கொடுக்கும். பெரியவருக்கு இறுகிய சப்பாத்து அரை மணித்தியாலத்தில் வலிக்கும். ஐந்து வயதுப் பிள்ளையோ விரலை மடக்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடி விளையாடிவிட்டு வரும், வலிக்கிறதென்று சொல்லாது. “இறுக்குதா?” என்று கேட்டால் புதுச் சப்பாத்து ஆசையில் “இல்லை” என்றுதான் சொல்லும். பிள்ளையின் வாய்மொழியை நம்பிச் சப்பாத்து வாங்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஒஸ்திரியாவில் முன்பள்ளிப் பிள்ளைகள் 858 பேரின் கால்களையும் அவர்களின் சப்பாத்துகளின் உள்நீளத்தையும் அளந்து ஆய்வாளர்கள் 2009 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெருவிரல் நேராக இருந்த பிள்ளைகள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. முன்பள்ளிக்குள் போடும் சப்பாத்துகளில் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது நீளம் போதாதவை. சப்பாத்து எவ்வளவு கட்டையோ அவ்வளவுக்குப் பெருவிரல் உள்நோக்கிச் சரிந்திருந்தது. வசதியான நாட்டின் நிலைமையே இது. ஆகவே பிழையான அளவு வறுமையால் மட்டும் வருவதில்லை, அளக்காததாலும் வருகிறது. அளப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அளப்பதைச் சொல்ல முதல், சப்பாத்து எப்போது தேவையில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். காசு மிச்சமாகும் முதல் இடம் அதுதான். நடை பழகும் பிள்ளைக்குச் சப்பாத்து வேண்டியதில்லை. நடக்கும்போது கீச்சுக்கீச்சென்று சத்தம் போடும் குட்டிச் சப்பாத்து பார்க்க வடிவுதான், முதலாவது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்க மாமன்மாருக்கும் ஆசைதான். ஆனால் நடையைப் பழக்குவது வெறுங்கால். தரையைப் பிடித்து, விரலை விரித்து, சமநிலையைக் கற்பது பாதம்தான். வீட்டுக்குள்ளும் கோயில் வீதியிலும் வெறுங்காலோடு திரியும் எங்கள் பழக்கம் பிள்ளையின் காலுக்கு நல்லது. தென்னிந்தியாவில் 4 முதல் 13 வயது வரையான 2,300 பிள்ளைகளின் பாதத் தடங்களை எடுத்து 1992 இல் வெளியான ஆய்வு இதைத்தான் சொன்னது. பாதணி போட்டுத் திரிந்த பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 சதவீதம்தான். விரலை மூடிய சப்பாத்துப் போட்டவர்களிடம் அது கூடுதலாகவும், திறந்த செருப்புப் போட்டவர்களிடம் குறைவாகவும் இருந்தது.

அதற்காக வெளியே வெறுங்காலோடு விட முடியாது. எங்கள் மண்ணில் நெருஞ்சி முள் மட்டும் இல்லை. மீள்குடியேறிய காணிகளில் உடைந்த போத்தலும் துருப்பிடித்த தகரமும் முட்கம்பித் துண்டும் இன்னும் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளைக்குக் கொழுக்கிப்புழு தோலால் ஏறும். துருப்பிடித்தது குத்தினால் காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு இருந்துவிடாமல், ஏற்பு ஊசி சரியாகப் போட்டிருக்கிறதா என்று குழந்தை நல அட்டையைப் பார்த்து வைத்தியரிடம் காட்ட வேண்டும். இவற்றோடு, எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு ஆபத்து சைக்கிள் கரியர். பின்னால் இருக்கும் பிள்ளையின் கால் சில்லுக் கம்பிக்குள் போவது நாங்கள் அடிக்கடி காண்பது. கழன்று விழும் வார்ச் செருப்போடு பிள்ளையைக் கரியரில் ஏற்றாதீர்கள். குதியை மூடிய சப்பாத்தோ, பின்வார் உள்ள சாண்டிலோ போட்டிருந்தால் காயத்தின் ஆழம் குறையும். கரியரின் இரண்டு பக்கமும் காவல் வலை பூட்டினால் இன்னும் நல்லது.

ஆகவே ஒரு சின்னப் பிள்ளைக்கு இரண்டு சோடி போதும். பாடசாலைக்கு ஒரு சப்பாத்து, மற்ற எல்லாவற்றுக்கும் பின்வார் உள்ள ஒரு சாண்டில். திருவிழாவுக்கென்றும் கலியாண வீட்டுக்கென்றும் மூன்றாவது சோடி வாங்கினால், அது நான்கு தரம் போடப்பட்டு அளவு காணாமல் போகும். அந்தக் காசை முதல் இரண்டிலும் போடலாம்.

வீட்டில் அளப்பது

தேவையானவை: கொப்பியில் கிழித்த ஒரு தாள் (கால் பெரிதென்றால் இரண்டைச் சேர்த்து ஒட்டுங்கள்), பென்சில், அடிமட்டம், பிஸ்கட் பெட்டி மட்டை, கத்தரிக்கோல்.

பின்னேரத்தில் அளவெடுங்கள். நாள் முழுக்க ஓடித் திரிந்த கால் காலையில் இருந்ததைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பாடசாலைக்குப் போடும் மேசையே போடவிடுங்கள். தாளைச் சுவரோடு ஒட்டிச் சீமெந்துத் தரையில் வைத்து, குதி சுவரில் முட்டப் பிள்ளையை நிமிர்ந்து நிற்கவிடுங்கள். இருத்தி வைத்து அளக்கக்கூடாது, பாரம் ஏறும்போதுதான் பாதம் நீளும். பென்சிலைச் சரிக்காமல் நெட்டுக்கு நிறுத்திப் பாதத்தைச் சுற்றி வரையுங்கள். இரண்டு காலையும் தனித்தனியாக வரைய வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்று நீளம். நீளமான காலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

சுவரில் இருந்து மிக நீண்ட விரலின் நுனி வரை அளவுங்கள். அது பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பலருக்கு இரண்டாவது விரல் நீளம். (அப்படிப்பட்ட பெண்பிள்ளை புருசனை ஆட்டிப்படைப்பாள் என்று எங்கள் கிழவிகள் சொல்வார்கள். சப்பாத்து வாங்கும்போது மட்டும் அந்த விரலைக் கவனித்தால் போதும்.)

அந்த அளவோடு 12 மில்லிமீற்றர் கூட்டுங்கள். உதாரணமாகக் கால் 17 சென்ரிமீற்றர் என்றால் 18.2. இதுதான் சப்பாத்தின் உள்ளே இருக்க வேண்டிய குறைந்த நீளம். இந்த நீளத்துக்கு, இரண்டு விரல் அகலத்தில் மட்டையில் ஒரு கீற்று வெட்டி, ஒரு நுனியை விரல் மாதிரி வளைவாக்குங்கள். அதில் பிள்ளையின் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். பாதம் வரைந்த தாளையும் உருவத்தோடு வெட்டி எடுத்து வையுங்கள், அது அகலம் பார்க்க உதவும்.

இந்த மட்டைக் கீற்றுத்தான் இனி உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். கடையில் அதைச் சப்பாத்துக்குள் விட்டுக் குதிவரை படுத்துகிறதா என்று பாருங்கள். வளைந்து கொடுத்தால் அந்தச் சப்பாத்து கட்டை, எடுக்க வேண்டாம். தாராளமாகக் கிடந்து குதிப்பக்கம் அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி விட்டால் பெரிசு. இரண்டுக்கும் இடையில் இருந்தால் நீளம் சரி. மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ரவுனுக்குப் போக முடியாத தாய்க்கும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாவுக்கும் இது பெரிய உதவி. மூன்று மட்டைகளைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு சுன்னாகத்துக்கோ நெல்லியடிக்கோ சாவகச்சேரிக்கோ போனால் போதும்.

இலக்கம் என்ற குழப்பம்

ஏன் சப்பாத்தில் போட்டிருக்கும் இலக்கத்தைப் பார்த்தே வாங்க முடியாது? ஏனென்றால் எங்கள் கடைகளில் குறைந்தது இரண்டு முறைகள் கலந்து கிடக்கின்றன. பாட்டா, டி.எஸ்.ஐ போன்றவற்றில் நாங்கள் பழகிய இலக்கம் ஆங்கில முறை. அது ஒரு வாற்கோதுமை மணியின் நீளத்தை, அதாவது ஓர் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கை, ஒரு படியாக வைத்தது. பூச்சியம் நான்கு அங்குலத்தில் தொடங்கும். 13 வரை ஏறியபின் மறுபடி 1 இல் இருந்து தொடங்கும். அதனால்தான் நான்கு வயதுப் பிள்ளைக்கு 9 ஆம் இலக்கமும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 2 ஆம் இலக்கமும் வருகிறது. பார்சலில் வாங்கி வரச் சொல்லிவிடும்போது, “சின்னாக்களின் இலக்கம்” என்று சொல்லத் தவறினால் பெரியவரின் 9 வந்து சேரும். சீன உற்பத்திகளில் இருப்பது பெரும்பாலும் ஐரோப்பிய இலக்கம். அதில் ஒரு படி 6.67 மில்லிமீற்றர். 25, 28, 32 என்று இருப்பவை அவை.

ஐரோப்பிய இலக்கத்தை நீங்களே கணக்கிடலாம். காலின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து, ஒன்றரையைக் கூட்டி, வருவதை ஒன்றரையால் பெருக்குங்கள். 17 சென்ரிமீற்றர் கால்: 18.5 ஐ 1.5 ஆல் பெருக்க 27.75. ஆகவே 28. ஆங்கில முறையில் அது ஏறக்குறைய 10. கால் 15 சென்ரிமீற்றர் என்றால் 25, ஆங்கிலத்தில் ஏழரை. 19.5 என்றால் 32, ஆங்கிலத்தில் 13.

ஆனால் இதைக் கடையில் எந்தத் தட்டில் தேடுவது என்று அறிவதற்கு மட்டும் பாவியுங்கள். ஒரே 28 என்று போட்ட இரண்டு சப்பாத்துக்குள் மட்டையை விட்டுப் பார்த்தால் ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் கூட வரும். மலிவானவற்றில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம், பெயர் பெற்றவற்றிலும் மாதிரிக்கு மாதிரி மாறும். தீர்ப்புச் சொல்வது இலக்கம் அல்ல, மட்டை.

வெளிநாட்டு உறவுகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் கடற்பொதியில் வரும் பெட்டிக்குள் பிள்ளைகளுக்குச் சப்பாத்து இல்லாமல் இருக்காது. அன்போடு அனுப்பப்படுவது, நல்ல தரமானது, ஆனால் வந்து சேரும்போது கால் வளர்ந்துவிட்டிருக்கும். அல்லது இலக்கம் மாறிவிட்டிருக்கும். கனடாவில் பாவிப்பது அமெரிக்க முறை. எங்கள் 10 அங்கே பத்தரை அல்லது 11. ஆகவே இலக்கத்தைச் சொல்லாதீர்கள். பாதம் வரைந்த தாளுக்குப் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்து வட்ஸ்அப்பிலோ வைபரிலோ அனுப்பி, சென்ரிமீற்றரைச் சொல்லுங்கள். பல உற்பத்திகளில் நாக்கின் உட்பக்கம் ஒட்டிய சீட்டில் சி.எம். என்று ஓர் அளவு இருக்கும், அது பெரும்பாலும் காலின் நீளம். பெட்டி வந்து சேர இரண்டு மூன்று மாதம் செல்லும் என்றால் அந்த வளர்ச்சியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாமா கோபிக்க மாட்டார். போட முடியாத சப்பாத்தை அலுமாரிக்குள் பார்த்தால்தான் அவருக்குக் கவலை.

கடையில்

கடைக்காரர் கட்டைவிரலால் சப்பாத்தின் நுனியை அமுக்கிப் பார்த்து, “சரியா இருக்கு அக்கா. வளருற பிள்ளை, வேணுமெண்டால் ஒரு நம்பர் கூட எடுங்கோ” என்பார். அமுக்கும்போது பிள்ளை விரலை மடக்கிக்கொள்ளும். பாதி வேளை அந்தச் சோதனை பொய் சொல்லும்.

நீளம் மட்டையால் சரியென்று கண்டபின் அகலத்தைப் பாருங்கள். வெட்டிய பாதத் தாளைச் சப்பாத்தின் அடியில் பிடியுங்கள். தாள் எந்தப் பக்கத்திலாவது, முக்கியமாகச் சின்னவிரல் பக்கத்தில், நன்றாக வெளியே தெரிந்தால் அந்தச் சப்பாத்து ஒடுக்கம். வெறுங்காலோடு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு முன்பாதம் அகலம். கூர் முகச் சப்பாத்து பெண்பிள்ளைகளுக்கு வடிவென்று வாங்குவதை விடுங்கள். அகலம் காணாதென்று நீளத்தைக் கூட்டி எடுப்பதும் சரிவராது, வேறு மாதிரி தேடுங்கள்.

பிறகு மடித்துப் பாருங்கள். நுனியையும் குதியையும் பிடித்து அமுக்கினால் விரல்கள் மடியும் இடத்தில், முன்பக்க மூன்றில் ஒன்றில், இலகுவாக மடிய வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தால் அடி பலவீனம். எங்கேயும் மடியாவிட்டால் அது பலகை, பிள்ளை காலை இழுத்து நடக்கும். குதிப்பக்கத்தை இரண்டு விரலால் நசுக்குங்கள், அது உறுதியாக நிற்க வேண்டும். உள்ளே கையை விட்டுத் தையல் முடிச்சோ ஆணி நுனியோ பசைக்கட்டியோ இருக்கிறதா என்று தடவுங்கள். கண் பார்த்தால் தெரியாதது கைக்குத் தெரியும்.

லேஸா, ஒட்டுப்பட்டியா? ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஒட்டுப்பட்டியே நல்லது. வகுப்பில் முப்பது பிள்ளைக்கு லேஸ் கட்டிவிட்ட அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் பட்டி இல்லாமல் கால் நுழைப்பதாக மட்டும் இருக்கும் சப்பாத்து வேண்டாம். அது கழன்றுவிடாமல் இருக்க வேண்டும் என்றால் இறுக்கமாக எடுத்தாக வேண்டும். பிளாஸ்ரிக் சப்பாத்து கழுவ இலகு, விலையும் குறைவு. எங்கள் வெயிலில் கால் அதற்குள் வேகும், விரலிடுக்கில் தோல் வெந்து புண்ணாகும். ஒரே விலையில் கன்வஸ் கிடைத்தால் கன்வஸை எடுங்கள்.

கடைசியாகப் பிள்ளை இருந்தால் இரண்டு சப்பாத்தும் போட்டுப் பத்து நிமிடம் கடைக்குள் நடக்கவிடுங்கள். பில்லை வாங்கி, அன்று மாலை பாயில் மட்டும் போட்டு நடக்கவிட்டுப் பாருங்கள். அடி அழுக்காகாவிட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் மறுநாள் அளவை மாற்றித் தருவார்கள். வாங்கும்போதே அதைக் கேட்டு வைப்பது நல்லது. நடைபாதைக் கடையில் அந்த வசதி இராது. நல்லூர்த் திருவிழாக் காலக் கடைகளில் வாங்கும்போது மட்டை கையில் இருப்பது இன்னும் முக்கியம்.

எவ்வளவு பெரிதாக எடுக்கலாம்?

முன்னர் சொன்ன கணக்குக்கு வருகிறேன். ஒன்று முதல் மூன்று வயது வரை பாதம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சென்ரிமீற்றர் வளரும். அதற்குப் பிறகு, பாடசாலை போகத் தொடங்கும் வயதில், வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். வாங்கும்போது விரலுக்கு முன்னால் 12 மில்லிமீற்றர் வேண்டும், 17 வரை இருக்கலாம். நடக்கும்போது பாதம் முன்னே தள்ளும், அதற்கே அரைச் சென்ரிமீற்றர் தேவை. ஆகவே 17 மில்லிமீற்றர் இடைவெளியோடு வாங்கிய சப்பாத்து முதலாம் தரப் பிள்ளைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் போகும். அதற்கு மேல் பெரிதாக வாங்கினால் என்ன நடக்கும்? முதல் ஆறு மாதம் கால் உள்ளே வழுக்கும், பிள்ளை தடக்கி விழும், குதி உரசிக் கொப்புளம் போடும், மடிப்பு பிழையான இடத்தில் விழுந்து மேல்துணி வெடிக்கும். கால் சப்பாத்துக்கு வளர்ந்து சேரும்போது சப்பாத்து முடிந்துவிடும். இரண்டு வருடம் போகும் என்று எடுத்தது ஒரு வருடத்தைத் தாண்டாது. மற்றப் பக்கமும் பாருங்கள். 1,500 ரூபாவுக்கு எடுத்தது மூன்று மாதத்தில் அடி கழன்றால் மாதம் 500 ரூபா. 3,000 ரூபாச் சப்பாத்து பத்து மாதம் போனால் மாதம் 300.

வீட்டில் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, ஆவணி, மார்கழி விடுமுறை ஒவ்வொன்றிலும் மட்டையை மறுபடி வெட்டி, போட்டுக்கொண்டிருக்கும் சப்பாத்தோடு ஒப்பிடுங்கள். காலுக்கும் நுனிக்கும் இடையில் அரைச் சென்ரிமீற்றரும் இல்லையென்றால் மாற்ற வேண்டும், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். மேஸும் வளராது என்பதை மறக்காதீர்கள். சப்பாத்து அளவாக இருந்து மேஸ் கட்டையானால் விரல் அதற்குள்ளேயே மடியும்.

மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளின் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சு பாதணி வவுச்சர் தருகிறது. அண்மைய ஆண்டுகளில் அதன் பெறுமதி 3,000 ரூபா. அதற்கு முடிவுத் திகதி உண்டு, கடைசிக் கிழமையில் எல்லோரும் ஓடுவதால் நடுத்தர அளவுகள் முதலில் தீர்ந்துபோகும். அப்போது, “இந்த நம்பர்தான் இருக்கு, எடுத்தால் எடுங்கோ” என்று தருவதை வாங்கிக்கொண்டு வந்த பெற்றோரை எனக்குத் தெரியும். வவுச்சரும் முழுப் பெறுமதியுள்ள காசுதான். தெரிவு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. வவுச்சர் கையில் கிடைத்த கிழமையே, சனக்கூட்டம் இல்லாத வார நாளில் மட்டையோடு போங்கள். பிள்ளையின் கால் மிகச் சிறிதென்றால் சப்பாத்தின் விலை வவுச்சரைவிடக் குறைவாக வரலாம். மிச்சத்துக்கு மேஸ் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அண்ணாவின் சப்பாத்தைத் தம்பிக்குப் போடலாமா? மேசையில் வைத்துப் பின்பக்கமாகப் பாருங்கள். இரண்டும் நேராக நின்றால், குதி ஒரு பக்கமாகத் தேயாமல் இருந்தால், உள்ளடியில் விரல் பதிந்த குழி ஆழமாக இல்லாவிட்டால் போடலாம். வளர்ந்து தள்ளியதால் கழற்றியது பரவாயில்லை, தேய்ந்து கழற்றியது வேண்டாம். உள்ளடியை மாற்றி இரண்டு நாள் வெயில் காட்டுங்கள். எங்கள் பாடசாலையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அளவு காணாமல்போன நல்ல சப்பாத்துகளை உள்நீளம் எழுதிய சீட்டோடு போட்டுவிடுவார்கள். யார் எடுத்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை, பெட்டி இருப்பது அதிபரின் அறையில் அல்ல, நூலகத்தின் பின்பக்கத்தில். அந்த இடம் முக்கியம். அதிபரின் முன்னால் வந்து எடுக்க எந்தத் தாயும் விரும்பமாட்டாள்.

புதுச் சப்பாத்தின் அடி பசையில் மட்டும் நின்றால், போட முதலே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றித் தைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கூலிதான், கழன்ற பிறகு தைப்பதைவிட உறுதி. மாரி மழையில் நனைந்தால் அடுப்படியிலும் உச்சி வெயிலிலும் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். லேஸைக் கழற்றி, நாக்கை வெளியே இழுத்து, பழைய உதயன் தாளை உருட்டித் திணித்துக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள், தாள் ஈரமானால் மாற்றுங்கள். செம்மண் பட்ட வெள்ளைக் கன்வஸை ஈரத்தோடு தேய்த்தால் கறை உள்ளே இறங்கும். காயவிட்டுத் தட்டி உதிர்த்தபின் கழுவுங்கள். கழுவியும் போகாத மங்கலுக்கு, ஈரம் காய முதல் வெண்கட்டி பூசுவது எங்கள் அம்மாமாரின் வழி, இன்றைக்கும் அதுதான் மலிவு. வாசலில் கழற்றி வைத்த சப்பாத்தைப் போட முதல் கவிழ்த்துத் தட்டப் பிள்ளையைப் பழக்குங்கள். குடாநாட்டில் இருக்கும் செந்தேளின் விஷம் சின்னப் பிள்ளையின் இதயத்தைத் தாக்கக்கூடியது. கடித்தால் கைமருத்துவம் செய்து நேரத்தைப் போக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓட வேண்டும்.

சில கால்களுக்குக் கடைச் சப்பாத்து போதாது. எதற்கு வைத்தியரிடம் போக வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று சொல்கிறேன். சின்னப் பிள்ளையின் பாதம் தட்டையாகத் தெரிவது வழமை, வளைவு ஆறு ஏழு வயது வரை மெல்ல மெல்ல உருவாகும். பெருவிரலில் எம்பி நிற்கச் சொல்லும்போது வளைவு தெரிந்து, வலியும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அதற்கென்று விலை கூடிய “திருத்தும் சப்பாத்து” வாங்கத் தேவையில்லை. அமெரிக்காவில் மூன்று வருடம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 1989 இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட சப்பாத்துப் போட்டவர்களுக்கும் சாதாரணமானது போட்டவர்களுக்கும் இடையில் வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தால், பாதம் விறைப்பாக இருந்தால், நொண்டி நடந்தால், எப்போதும் நுனிவிரலில் நடந்தால், ஒரு சப்பாத்து மட்டும் விரைவாகத் தேய்ந்தால் காட்ட வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் சொல்லலாம், அல்லது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். உட்பக்கம் வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தையைப் பிறந்த கிழமைகளுக்குள் காட்டினால், கட்டுப்போட்டே பெரும்பாலும் நேராக்கிவிடுவார்கள்.

இரண்டு கால்களுக்கும் இடையில் ஒரு முழு இலக்கத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கும் பிள்ளைக்கும், காலில் தாங்கி போட்டிருக்கும் பிள்ளைக்கும் ஒரே சோடி எடுத்துப் பஞ்சு திணிக்கும் வேலை சரிவராது. 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்தில் செயற்கைக் கால்களோடு தாங்கிகளும் செய்கிறார்கள். தாங்கியோடு போடும் சப்பாத்தை வாங்க முதல் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள், தாங்கியைக் கையோடு கொண்டுபோய்த்தான் கடையில் போட்டுப் பார்க்க வேண்டும். குனிந்து லேஸ் கட்ட முடியாத, போரில் கால் இழந்த தகப்பன்மார் பிள்ளையைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தும் வீடுகளும் எங்கள் ஊரில் உண்டு. அந்த வீட்டுக்கு ஒட்டுப்பட்டிச் சப்பாத்துத்தான். பிள்ளையைக் கதிரையில் ஏற்றி நிற்கவிட்டால் அவராலேயே மட்டை வைத்து அளக்கவும் முடியும்.